சட்ட உதவி அமைப்பில் மதிப்பீடு எங்கே இடறுகிறது: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

மதிப்பீட்டுப் பணி (செய்த உதவியால் என்ன விளைந்தது என்று அளந்து பார்ப்பது) தடுமாறினால் சட்ட உதவி அமைப்புகள் கேட்பது இரண்டில் ஒன்று: புது சாஃப்ட்வேர், அல்லது வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர். பழுது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்திலும் இருப்பதில்லை. கட்சிக்காரர் (சட்ட உதவி தேடி வருபவர்) முதல் நாள் வரும்போது நிரப்பும் படிவத்திலும், கோப்பை மூடும் நாளில் வழக்கறிஞர் நிரப்பும் (அல்லது நிரப்பாமல் விடும்) படிவத்திலும்தான் இருக்கிறது. அந்த இரண்டு தாளையும் சரிசெய்யாமல் வாங்கும் சாஃப்ட்வேர், அதே குழப்பத்தை வண்ணப் படமாக வரைந்து காட்டும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காரணங்கள் செலவில்லாததில் தொடங்கிச் செலவு மிக்கதில் முடிகின்றன. மேலே உள்ளதைச் சோதிக்காமல் கீழே தாவ வேண்டாம்.

## எதற்கும் முன்: 20 கோப்புச் சோதனை

கடந்த 3 மாதத்தில் மூடிய கோப்புகளில் 20 எடுங்கள். நல்ல வழக்குகளாகப் பொறுக்கக் கூடாது. மூடியவை 160 என்றால் பதிவேட்டில் ஒவ்வொரு 8ஆவது கோப்பு. அமைப்புக்கு உள்ளேயே, ரகசியக் கடமைக்கு உட்பட்ட இருவர், தனித்தனியாக, கோப்பை மட்டும் பார்த்து ஐந்து கேள்விக்கு விடை எழுத வேண்டும்: யார் வந்தார், என்ன பிரச்சினை, நாம் செய்தது என்ன, எப்படி முடிந்தது, எந்தத் தேதியில் முடிந்தது. வழக்கை நடத்திய வழக்கறிஞரைக் கேட்கக் கூடாது. பிறகு இருவர் விடைகளையும் கணினிப் பதிவோடு ஒப்பிடுங்கள்.

- விடையே கோப்பில் இல்லை: மூடும் படிவத்தில் பழுது. அறிகுறி 2.
- கோப்பு ஒன்று சொல்கிறது, கணினி வேறு சொல்கிறது: பதிவேற்றும் இடத்தில் பழுது. யார், எப்போது, எந்தத் தாளைப் பார்த்துப் பதிகிறார் என்று தேடுங்கள்.
- ஒரே கோப்பைப் படித்த இருவரும் வெவ்வேறு விடை எழுதினார்கள்: வரையறையில் பழுது. அறிகுறி 1.

அரை நாள் வேலை இது. 20 கோப்பை வைத்துச் சதவீதம் கணக்கிட்டு அறிக்கையில் போடாதீர்கள். பழுது எங்கே என்று காட்ட மட்டும்தான் இந்த எண்ணிக்கை போதும்.

## அறிகுறி 1: ‘எத்தனை பேருக்கு உதவினோம்?’ என்றால் ஆளுக்கொரு எண்

இயக்குநர் 840 என்கிறார், கணக்குப் பிரிவு 1,130 என்கிறது, ஆண்டறிக்கையில் 2,000க்கு மேல். யாரும் பொய் சொல்லவில்லை.

காரணம் அ: எண்ணுவது எதை என்று முடிவாகவில்லை. ஒரு பெண் வருகிறார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ், ஜீவனாம்சம், குழந்தை யார் பொறுப்பில் என்பது என மூன்று சிக்கல். ஏழு முறை வந்து போகிறார். வீட்டில் அவரோடு சேர்த்து நான்கு பேர். இவரால் உங்கள் கணக்கு கூடுவது 1ஆ, 3ஆ, 7ஆ, 4ஆ? நான்குமே சரியான எண்கள், பெயர்தான் வேறு. நபர், வழக்கு, சேவை, பயனடைந்த குடும்பத்தினர் என்று நான்கையும் தனித்தனிப் பெயரில் வைத்து, ‘உதவி பெற்றோர்’ என்ற சொல்லையே அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காரணம் ஆ: ஆண்டுக் கணக்கின் எல்லை. இந்த ஆண்டு தொடங்கியவை, இந்த ஆண்டு மூடியவை, இந்த ஆண்டில் ஒரு நாளாவது வேலை நடந்தவை. மூன்றும் மூன்று எண். விளைவைப் பற்றிப் பேசும்போது மூடியவற்றை மட்டும் எடுங்கள். வேலைப் பளுவைப் பற்றிப் பேசும்போது மூன்றாவதை எடுங்கள்.

காரணம் இ: ஒரே ஆள் இரண்டு முறை. பெயர் எழுத்து மாறும், தொலைபேசி எண் மாறும், முகவரி மாறும். பிறந்த தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பெயரின் முதல் மூன்று எழுத்தை ஒப்பிட்டாலே இரட்டைப் பதிவுகளில் பெரும்பகுதி கண்ணில் படும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று பதியும் பழக்கம் இருந்தால் இந்தச் சோதனை பிசகும்; முதலில் அதை நிறுத்துங்கள்.

காரணம் ஈ: நிதி தருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரையறை. ஒருவர் தொலைபேசி ஆலோசனையையும் வழக்காக எண்ணச் சொல்வார், இன்னொருவர் வக்காலத்து போட்டதை மட்டும். அவரவருக்குத் தனிப் பதிவேடு வைத்தால் ஊழியர்கள் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுதிச் சலித்துவிடுவார்கள். உள்ளே ஒரே பதிவு இருக்கட்டும். எவருடைய எந்தக் கேள்விக்கு நம் எந்தக் கட்டங்களைக் கூட்ட வேண்டும் என்று ஒரு பொருத்த அட்டவணை போதும்.

நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து: ஒரு பக்க வரையறைத் தாள். 12 சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், ‘இதில் சேரும்’ என்று ஒரு உதாரணம், ‘இதில் சேராது’ என்று ஒரு உதாரணம். சண்டை வருவதெல்லாம் எல்லைக் கோட்டில் என்பதால் மூன்றாவதுதான் உயிர். தாளில் தேதி போடுங்கள். வரையறை மாறினால் பழைய தாளைக் கிழிக்காமல் வைத்திருங்கள்; இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது எண் கூடியது வேலையாலா, வரையறையாலா என்று சொல்ல வேறு வழி கிடையாது.

வெளியாளை எப்போது அழைப்பது: தாள் எழுதி, புதிதாக 20 கோப்பு எடுத்துப் படித்தும் இருவர் விடைகள் 20இல் 4க்கு மேல் மாறுபட்டால். அப்போதும் தேவைப்படுவது படிவம் வடிவமைக்கத் தெரிந்தவரின் இரண்டு நாள் உதவிதான். புள்ளியியல் நிபுணர் வேண்டாம்.

## அறிகுறி 2: ‘முடிவு’ கட்டம் காலி, அல்லது எல்லாம் ‘மற்றவை’

கடைசியாக மூடிய 50 வழக்குகளைத் திரையில் கொண்டுவந்து மூன்றை எண்ணுங்கள்: காலியாக உள்ளவை, ‘மற்றவை’ என உள்ளவை, ஒரே நாளில் ஐந்துக்கு மேல் மூடப்பட்டவை.

காலிகள் அதிகமானால்: படிவம் நிரப்பாமலே கோப்பை மூட முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் அதுதான் காரணம். முடிவு பதிவாகாத கோப்பு மூடியதாகக் கணக்கில் வராது என்று விதி வையுங்கள். சாஃப்ட்வேரில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கலாம். காகிதக் கோப்பு என்றால் குமாஸ்தா அந்தத் தாள் இல்லாமல் அலமாரியில் ஏற்ற மாட்டார், அவ்வளவுதான். ஆனால் ‘தெரியவில்லை: கட்சிக்காரர் தொடர்பில் இல்லை’ என்ற தேர்வு கண்டிப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் கட்டாயமாக்கினால் ஊழியர் எதையாவது தட்டிவிடுவார். காலியைவிடப் பொய்யான பதிவு மோசம்.

‘மற்றவை’ 10 சதவீதத்தைத் தாண்டினால்: தேர்வுப் பட்டியல் உங்கள் வழக்குகளுக்குப் பொருந்தவில்லை. ‘மற்றவை’ எல்லாவற்றையும் ஒரே அமர்வில் படித்துக் குவியல் பிரியுங்கள். மூன்று முறைக்கு மேல் வருவதற்குத் தனித் தேர்வு கொடுங்கள். பொதுவாக விடுபடுவது ‘கால அவகாசம் கிடைத்தது’. வீட்டைக் காலி செய்யும் வழக்கில் தோற்றாலும், 60 நாள் கூடுதலாகக் கிடைத்து வேறு வீடு பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கு அது பெரிய விளைவு. ‘வெற்றி / தோல்வி’ என்ற இரண்டு கட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

பட்டியலைச் சட்டப் பிரிவு வாரியாகப் பிரிப்பது நல்லது. ஒரு பிரிவுக்கு 5 முதல் 7 தேர்வு. குடியிருப்பு வழக்குக்கு: வீட்டில் தொடர்கிறார், அவகாசம் பெற்று வெளியேறினார் (எத்தனை நாள்), உடனே வெளியேற நேர்ந்தது, பாக்கி குறைந்தது (எவ்வளவு), கட்சிக்காரர் விலகினார், தெரியவில்லை. பாதுகாப்பு உத்தரவு வழக்குக்கு இதே பட்டியல் உதவாது: உத்தரவு கிடைத்ததா, எத்தனை காலத்துக்கு, மீறப்பட்டதா என்று அது வேறு வழியில் போகும்.

மூடல் ஒரே நாளில் குவிந்தால்: அறிக்கைத் தேதிக்கு முந்தின வாரம் பழைய கோப்புகளை மொத்தமாக மூடுகிறார்கள். நினைவிலிருந்து எழுதிய முடிவுகள் அவை. 90 நாள் எந்த அசைவும் இல்லாத கோப்புகளின் பட்டியலை மாதம் ஒரு முறை அந்தந்த வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். மூடவேண்டியதை மூடட்டும், நீதிமன்றத் தேதிக்காகக் காத்திருப்பதை அப்படியே குறிக்கட்டும்.

மூடும் படிவம் முழுவதும் 2 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கையில் கடிகாரம் வைத்துச் சோதியுங்கள். மூன்று நிமிடமானால் ஒரு கேள்வியைத் தூக்குங்கள். எதைத் தூக்குவது என்று தெரியாவிட்டால், கடந்த ஆண்டு ஒரு அறிக்கையிலும் இடம்பெறாத கட்டம் எதுவோ அது.

## அறிகுறி 3: வெற்றி விகிதம் நம்ப முடியாத உயரத்தில்

95 சதவீதம் என்று வந்தால் மகிழ்வதற்கு முன் எதால் வகுத்தீர்கள் என்று பாருங்கள்.

ஒரு கணக்கு: ஆண்டில் மூடியவை 120. தீர்ப்புவரை போனவை 40, அதில் 38 சாதகம். சமரசம் 30, அதில் 22 சாதகம். பாதியில் விலகியவர்களும் தொடர்பு அறுந்தவர்களும் 15. ஆலோசனை மட்டும் 35. தீர்ப்பை மட்டும் எண்ணினால் 38/40, அதாவது 95 சதவீதம். சமரசத்தையும் சேர்த்தால் 60/70, சுமார் 86. விலகியவர்களையும் சேர்த்தால் 60/85, சுமார் 71. ஆலோசனை பெற்ற 35 பேர் மூன்றிலும் இல்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்று இந்த அமைப்புக்குத் தெரியாது. அவர்களை ‘வெற்றி’யில் சேர்த்துவிடும் அமைப்புகளும் உண்டு. அறிக்கையில் மூன்றில் எதை வேண்டுமானாலும் போடுங்கள், கூடவே வகுத்த எண்ணையும் எழுதுங்கள்; அந்த எண் 50க்குக் கீழே என்றால் சதவீதம் வேண்டாம், ‘40இல் 38’ என்று மட்டும்.

விலகிய 15 பேரை மட்டும் தனியே எடுத்து, எந்தக் கட்டத்தில் விலகினார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் முதல் வாய்தாவுக்கு முன்பே போயிருந்தால், சரிசெய்ய வேண்டியது வாதத் திறமை அல்ல, காத்திருக்கும் நாட்களை.

எண்ணிக்கை சிறிதானால்: 30இல் 24 என்பது 80 சதவீதம். ஆனால் உண்மை நிலை ஏறக்குறைய 63க்கும் 90க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 73 வந்தால் ‘சரிந்துவிட்டது’ என்று யாரையும் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். தோராயக் கணக்கு: 100 பேரிடம் கேட்டால் கூட்டியும் குறைத்தும் 10 புள்ளி, 400 பேரிடம் கேட்டால் 5 புள்ளி. 50க்குக் கீழே என்றால் சதவீதமே போடாமல் ‘30இல் 24’ என்று எழுதுங்கள்.

வழக்கைப் பொறுக்கி எடுப்பதால் வரும் உயரம்: வெல்லக்கூடிய வழக்கைத்தான் எடுக்கிறோம் என்றால், வென்றது நம் உதவியாலா, வழக்கின் வலுவாலா? எடுக்காமல் திருப்பி அனுப்பியவர்களோடு ஒப்பிட்டு இதைத் தீர்க்க முடியாது. இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே வேறு. குலுக்கல் முறையில் உதவியை ஒதுக்கிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஹார்வர்டு சட்ட மாணவர்களின் உதவி மையத்தை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், வேலையின்மைப் படி மேல்முறையீடுகளில் வழக்காட முன்வந்ததால் வெற்றி வாய்ப்பில் புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க மாற்றம் தென்படவில்லை. தீர்ப்பு தாமதமாகியது மட்டும் தெரிந்தது. சட்ட உதவி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை: அது ஒரு வகை வழக்கு, ஒரு மையம். பொறுக்கிய வழக்குகளின் வெற்றி விகிதம் உதவியின் பலனை நிரூபிக்காது என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

வெளியாளை எப்போது அழைப்பது: ‘எங்கள் உதவியால்தான் இது நடந்தது’ என்று எழுத வேண்டிய கட்டாயம் வந்தால், உடனே. ஒப்பீட்டுக் குழுவை (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உதவி பெறாதவர்களைக் கொண்ட குழு) வீட்டுச் சமையலாகச் செய்ய முடியாது. மறுக்கப்படுவோர் மீதான பொறுப்பு, நெறிமுறைக் குழுவின் அனுமதி, மாதிரி அளவு என்று எல்லாம் அதில் வரும்.

## அறிகுறி 4: பின்தொடர்ந்து அழைத்தால் யாரும் எடுப்பதில்லை

ஆறு மாதம் கழித்து 100 பேரை அழைத்தால் 12 பேர் கிடைக்கிறார்கள். அந்த 12 பேரும் நல்லதே சொல்கிறார்கள்.

முதல் காரணம், தொடக்கப் படிவத்தில் கேட்கவே இல்லை. ஐந்து கட்டம் சேருங்கள்: பின்னால் அழைக்கலாமா, எந்த எண் பாதுகாப்பானது, எந்த நேரம், குரல் பதிவு விடலாமா, எண் மாறினால் உங்களைக் கண்டுபிடிக்க உதவக்கூடிய ஒருவர் யார். இரண்டாவதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கேட்பது ஆபத்து. குடும்ப வன்முறை வழக்கில் கட்சிக்காரரின் போனை எடுப்பது எதிர்தரப்பாகவே இருக்கலாம். அமைப்பின் பெயரை முதலில் சொல்லாமல், பேசுவது உரிய ஆள்தான் என்று உறுதியான பின்பே விவரம் சொல்ல அழைப்பவருக்குப் பயிற்சி வேண்டும். ‘பாதுகாப்பான எண் இல்லை’ என்று குறித்தவரை அழைக்கவே கூடாது, எண்ணிக்கை குறைந்தாலும்.

இரண்டாவது, நேரம். அலுவலக வேளையில் அழைத்தால் கூலி வேலையில் இருப்பவர் எடுக்க மாட்டார். வெவ்வேறு நாளில், காலை, மாலை, விடுமுறை நாள் என மூன்று முயற்சி. மூன்றையும் தேதியோடு குறியுங்கள். நான்காவது முறை தொந்தரவு.

மூன்றாவது, இடைவெளி. ஆறு மாதம் நீளம். மூடி 4 முதல் 6 வாரத்தில் ஒரு சிறு அழைப்பு (எண் சரிதானா, உத்தரவு அமலானதா), பிறகு ஆறாம் மாதம். முதல் அழைப்புக்குப் பதில் சொன்னவர் இரண்டாவதற்கும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நான்காவது, அழைப்பவர். வழக்கை நடத்தியவரே கேட்டால் ‘நல்லா பண்ணீங்க சார்’ என்பதைத் தவிர வேறு விடை வராது. வேறு ஊழியரோ, பயிற்சி பெற்ற தன்னார்வலரோ கேட்கட்டும். 8 கேள்வி, 10 நிமிடம். ‘திருப்தியா?’ என்பதை ஒரு கேள்வியோடு நிறுத்தி, நடந்ததைக் கேளுங்கள்: இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், உத்தரவிட்ட பணம் கையில் வந்ததா, எத்தனை தவணை வந்தது. தீர்ப்பில் எழுதிய தொகைக்கும் கையில் வந்த தொகைக்கும் உள்ள தூரத்தை எந்தக் கோப்பும் காட்டாது.

இத்தனைக்குப் பிறகும் கிடைத்தவர்கள் பாதிக்குக் கீழே என்றால், கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வயது, வழக்கு வகை, முடிவு மூன்றிலும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போடுங்கள். கிடைக்காதவர்களில் தோற்றவர்கள் கூடுதலாக இருந்தால் அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

வெளியாளை எப்போது அழைப்பது: வன்கொடுமைக்கு ஆளானவர்களிடமோ குழந்தைகளிடமோ நீண்ட நேர்காணல் எடுக்க வேண்டியிருந்தால். கேள்வி பழைய காயத்தைக் கிளறினால் கையாளத் தெரிந்தவர் வேண்டும்.

## அறிகுறி 5: ‘கட்சிக்காரர் ரகசியம்’ என்று வழக்கறிஞர்கள் தர மறுக்கிறார்கள்

இதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும். எது என்று முதலில் பிரியுங்கள்.

உண்மையான ரகசியச் சிக்கல் என்றால்: பெயர், முகவரி, வழக்கு எண் மூன்றும் மதிப்பீட்டுத் தாளில் வரவே கூடாது. உள் எண் மட்டும் போதும். எந்த எண் யாருடையது என்ற சாவிப் பட்டியல் தனி இடத்தில், இரண்டு பேர் பொறுப்பில். வெளியே போகும் அட்டவணையில் 5க்குக் குறைவான எண்ணிக்கை வந்தால் ‘5க்குக் கீழ்’ என்று எழுதுங்கள். சிறிய ஊரில் ‘மாற்றுத்திறனாளி, விவாகரத்து, 1’ என்றால் பெயரே சொன்ன மாதிரி. நிதி தருபவர் கோப்பையே பார்க்கக் கேட்டால் ஊழியர் யாரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டாம். தொழில் நெறிமுறை தெரிந்த மூத்த வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். இங்கே தாமதமாக அழைப்பதுதான் செலவு.

பயம் என்றால்: ‘என் வெற்றி விகிதத்தை வைத்து என்னை எடைபோடுவார்கள்.’ நியாயமான பயம். எடைபோட்டால் கடினமான வழக்கை எடுக்க ஆளிருக்காது. ஆள்வாரி முடிவு எண்கள் மேலாளர் மேசைக்குப் போகாது என்று எழுதிக் கொடுங்கள், அதன்படி நடங்கள். ஒரு முறை மீறினாலும் அடுத்த ஆண்டுப் பதிவுகள் எல்லாம் சாதகமாகவே இருக்கும்.

சலிப்பு என்றால்: கொடுத்த விவரத்திலிருந்து அவர்களுக்கு எதுவும் திரும்பி வந்ததில்லை. ‘உங்கள் பிரிவில் அவகாசம் கேட்ட மனுக்களில் எத்தனை ஏற்கப்பட்டன’ என்பது போல வாதத்துக்குப் பயன்படும் ஒரு எண்ணை மாதம் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

## அறிகுறி 6: அறிக்கை குவிகிறது, எதுவும் மாறுவதில்லை

எண்ணைச் சேர்த்த பிறகு அதை வைத்து என்ன முடிவெடுப்பது என்று யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு காலாண்டுக்கு ஒரே கேள்வி, அதுவும் அந்தக் காலாண்டில் எடுத்தாக வேண்டிய முடிவோடு கட்டியதாக: சனிக்கிழமை முகாமைத் தொடர்வதா, தொலைபேசி ஆலோசனைக்கு இன்னொரு ஆள் போடுவதா. எண் எவ்வளவு வந்தால் என்ன செய்வோம் என்பதை எண் வருவதற்கு முன்பே தாளில் எழுதிவையுங்கள். ஒரு பக்க அறிக்கை, 45 நிமிடக் கூட்டம், கூட்டக் குறிப்பில் ‘யார், என்ன, எந்தத் தேதிக்குள்’ என்று ஒரு வரி. அந்த வரி எழுத முடியாவிட்டால் கேள்வி தவறு.

## அறிகுறி 7: ஒருவர் வேலையை விட்டதும் எல்லாம் நின்றுபோனது

எக்செல் கோப்பு அவருடைய கணினியில், சூத்திரங்கள் அவர் தலையில். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி: மதிப்பீட்டைப் பார்ப்பவரை இரண்டு வாரம் விடுப்பில் அனுப்பி, காலாண்டு எண்களை வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். எங்கே நின்றாரோ அங்கே எழுதிவைக்க வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு அறிக்கைக்கும் ‘எந்தத் திரை, எந்த வடிகட்டி, எந்தத் தேதி எல்லை’ என்று படிப்படியான செய்முறைத் தாள், இரண்டாவது ஆள் ஒருவர், பொதுக் கோப்பகம் ஒன்று. இந்த மூன்றுக்கும் பணம் தேவையில்லை.

தேவைப்படுவது நேரம். ‘மற்ற வேலையோடு இதையும் பார்த்துக்கொள்’ என்றால் நடக்காது. வாரத்தில் ஒரு முழு நாளை வேலை விவரத்திலேயே எழுதுங்கள். நிதி விண்ணப்பங்களில் திட்டச் செலவில் 5 முதல் 10 சதவீதம் மதிப்பீட்டுக்கு என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு, கேட்டால்தான் கிடைக்கும்.

## வெளியாளை அழைத்தே ஆக வேண்டுமென்றால்

ஒப்பந்தத்தில் நான்கு வரி விடுபடக் கூடாது. கேள்வித்தாள், வரையறைகள், கணக்கீட்டுக் கோப்பு எல்லாம் திருத்தக்கூடிய வடிவில் அமைப்புக்கே சொந்தம். ஊழியர் இருவர் தொடக்கம் முதல் கூட உட்காருவார்கள், குறைந்தது ஒரு சுற்று நேர்காணலையும் ஒரு அட்டவணையையும் அவர்களே செய்வார்கள். பெயருள்ள விவரம் எதுவும் அமைப்பின் கணினியை விட்டு வெளியே போகாது. கடைசித் தவணைப் பணம் அறிக்கை வந்த நாளில் அல்ல, அந்த இரு ஊழியர்கள் அவர் உதவியில்லாமல் அதே எண்களை மீண்டும் எடுத்துக்காட்டிய நாளில்.